முப்பத்தொரு மார்க் வாங்கிய புரோகிராம்

நான் எழுதிய புரோகிராம் ஒன்றில் 'தற்காலிகம்' என்று பெயர் வைத்த ஒரு பகுதி இருக்கிறது. அதை எழுதிய வருடம் பிறந்த பக்கத்து வீட்டுப் பையன் இப்போது ஆறாம் வகுப்புக்கு வந்துவிட்டான். தற்காலிகம் இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது. அதற்குப் பக்கத்திலேயே 'தற்காலிகம் 2' என்று இன்னொன்றும் உண்டு. முதல் தற்காலிகம் செய்த கோளாறைச் சமாளிக்க எழுதியது. இரண்டில் எதைத் தொட்டாலும் ஒட்டன்சத்திரத்தில் லாரி நின்றுவிடும் என்பது எனக்குத் தெரியும். ஏன் நிற்கும் என்பது ஒரு காலத்தில் தெரிந்திருந்தது.

எங்கள் தொழிலில் சில ஒழுக்கங்கள் உண்டு. பெயரைப் பார்த்தாலே அது செய்யும் வேலை விளங்க வேண்டும். நாளைக்கு மாறக்கூடிய எதையும் புரோகிராமின் வயிற்றுக்குள் புதைக்கக் கூடாது. சோதித்துப் பார்க்காமல் எதையும் வெளியே விடக் கூடாது. எல்லாவற்றுக்கும் மேலாக, வாடிக்கையாளர் கடையில் ஓடிக்கொண்டிருக்கும் புரோகிராமில் நேரடியாகக் கை வைக்கவே கூடாது. அது ஓடுகிற பஸ்ஸுக்கு டயர் மாற்றுவது போல. சென்னையில் வேலை பார்த்த பன்னிரண்டு வருடமும் இவற்றை நான் கடைப்பிடித்தேன் என்பதோடு, புதிதாகச் சேர்ந்தவர்களுக்கு வகுப்பும் எடுத்திருக்கிறேன். கைதட்டினார்கள். அப்புறம் திண்டுக்கல்லுக்குத் திரும்பிவந்து, ஒரு மருந்துக் கடையின் மாடியில் சொந்தமாக ஆபீஸ் போட்டேன். கேட்க ஆள் இல்லாத இடத்தில் ஒழுக்கம் எத்தனை நாள் தங்கும் என்பதை ஒரு வாரத்தில் கண்டுகொண்டேன்.

இதற்கு ஒரு தத்துவமும் வைத்திருந்தேன். படித்தவனிடம் எதற்கும் ஒரு தத்துவம் இருக்கும். நம் இலக்கணக்காரர்கள் விதிகளையெல்லாம் அடுக்கிச் சொல்லிவிட்டு, கடைசியில் புறனடை என்று ஒரு சின்னக் கதவைத் திறந்து வைத்தார்கள் அல்லவா? விதியை அறிந்தவனுக்கு அந்தக் கதவு. விதி அறியாதவன் மீறினால் பிழை, அறிந்தவன் மீறினால் வழக்கு. இப்படிச் சொல்லிக்கொண்டு, நான் வீட்டின் வாசலை அடைத்துவிட்டு அந்தச் சின்னக் கதவு வழியாகவே போய் வந்துகொண்டிருந்தேன்.

இந்த நிலையில்தான் டீச்சர் வந்து சேர்ந்தார்.

அவர் உண்மையிலேயே டீச்சர். நகரத்தில் ஒரு சின்னப் பள்ளியில் இருபத்தோரு வருடம் கணக்கு எடுத்தவர். பிள்ளைகள் குறைந்து குறைந்து, ஒரு ஜூன் மாதம் அவருடைய வகுப்பே இல்லாமல் போயிற்று. கணவர் வேன் ஓட்டிக்கொண்டிருந்தவர், முதுகுத்தண்டில் ஏதோ நழுவி வீட்டோடு இருக்கிறார். டீச்சர் அழவில்லை, ஆறு மாதம் கணினி வகுப்புக்குப் போனார். தன் மகள் வயதுப் பிள்ளைகளோடு உட்கார்ந்து புரோகிராம் எழுதக் கற்றுக்கொண்டு, என் மாடிப்படி ஏறி வந்தார். அப்போது அவருக்கு ஐம்பத்திரண்டு வயது. எனக்கு ஐம்பது.

"டியூசன் எடுத்தாலும் பொழச்சுக்கிரலாம் சார்" என்றார். "ஆனா இது எனக்குப் புடிச்சிருக்கு. தப்பா எழுதுனா தப்புன்னு உடனே சொல்லுது பாருங்க. பிள்ளைகளுக்குப் பரிட்ச வரைக்கும் காத்திருக்கணும்."

மூன்று மாதம் பார்ப்போம் என்றேன். பார்க்கப்படப் போவது நான்தான் என்பது அப்போது எனக்குத் தெரியவில்லை.

முதல் வேலையாக, ஒட்டன்சத்திரம் காய்கறி மண்டிக்காக நான் எழுதிய புரோகிராமைக் கொடுத்து, படித்துப் பாருங்கள் என்றேன். அவர் அதை முழுசாக அச்செடுத்து வீட்டுக்குக் கொண்டுபோனார். திங்கட்கிழமை திருப்பிக் கொடுத்தபோது, நாற்பத்தாறு பக்கமும் சிவப்பு மையால் நனைந்திருந்தது. முதல் பக்கத்தின் மூலையில் ஒரு வட்டம். வட்டத்துக்குள் 31.

"நூத்துக்கா டீச்சர்?"

"நூத்துக்குத்தான் சார். பாஸ் மார்க் முப்பத்தஞ்சு. நாலு மார்க் கருணையாப் போட்டுருவோம்னு தேடிப் பாத்தேன். எதுக்குப் போடுறதுன்னு தெரியல. கையெழுத்துக்குப் போடலாம்னா இது டைப் அடிச்சது."

அந்தப் புரோகிராம் என்ன செய்கிறது என்பதைச் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் பின்னால் நடந்தது விளங்காது. மண்டியில் மத்தியானம் காய் ஏலம் போகும். வாங்கியது பெரும்பாலும் கேரளத்துக்குப் போகிற சரக்கு. ஒரு லாரியில் நாலைந்து ஊர்களுக்கான மூட்டைகள் ஏறும். எந்த ஊரில் முதலில் இறக்க வேண்டுமோ அந்த மூட்டை கடைசியாக ஏற வேண்டும், அப்போதுதான் கதவைத் திறந்ததும் கைக்கு வரும். இதை முன்பெல்லாம் லோடுமேன் மேஸ்திரி மனசிலேயே வைத்திருந்தார். நான் போய் அதை நவீனப்படுத்தினேன். இப்போது புரோகிராம் சீட்டு அச்சடிக்கிறது. ஒவ்வொரு மூட்டையிலும் ஒரு நம்பர். ஒன்றாம் நம்பர் முதலில் உள்ளே போகும். ஊரைப் பற்றி யாரும் யோசிக்கத் தேவையில்லை, நம்பரைப் பார்த்துத் தூக்கினால் போதும்.

எந்த ஊர் முன்னால் வரும், எது பின்னால் வரும் என்ற வரிசையைத் தனியாக ஒரு கோப்பில் வைத்து, மண்டிக்காரரே மாற்றிக்கொள்ளும்படி செய்திருக்க வேண்டும். அதுதான் முறை. நான் எல்லா ஊர்களையும் ஒரே வரிசையாகப் புரோகிராமுக்குள்ளேயே எழுதி வைத்துவிட்டேன். டீச்சர் அந்த வரியைச் சுற்றி மூன்று வட்டம் போட்டிருந்தார்.

"இந்த ஊர்ப்பேரையெல்லாம் எதுக்கு சார் உள்ளயே எழுதிருக்கீங்க?"

"அது மாறாது டீச்சர்."

"எது மாறாது?"

"ஊருதான். கோட்டயம் எந்திரிச்சு எங்கயாச்சும் போயிருமா?"

"கோட்டயம் போகாது. ரோடு?"

"ரோடும் போகாது. இருபத்திமூணு வருச அனுபவத்துல சொல்றேன் டீச்சர், சில இடத்துல விதியப் பாக்கக் கூடாது."

"அனுபவம் யாருக்கு சார்? உங்களுக்கா, ரோட்டுக்கா?"

நான் டீ வாங்கிவரக் கிளம்பிவிட்டேன். பதில் தெரியாத நேரங்களில் டீ வாங்கப் போவது இந்தத் தொழிலில் எழுதப்படாத ஒரு நல்ல பழக்கம்.

ஜூலை மாதம் அவரை வாரம் இரண்டு நாள் மண்டிக்கு அனுப்பினேன். அங்கேயே உட்கார்ந்து, வேலை எப்படி நடக்கிறது என்று பார்த்து வரட்டும் என்று. மூன்றாவது வாரம் மண்டிக்காரர் என்னைக் கூப்பிட்டார். என்னைவிடப் பத்து வயது மூத்தவர், மரியாதையில் குறை வைக்காதவர், கோபத்திலும் 'ங்க' போட்டே திட்டுவார்.

"ஏனுங்க தம்பி, அந்த டீச்சரம்மா வந்தா வேல நிக்குதுங்க."

"ஏண்ணே?"

"லோடுமேன் மூட்டையத் தூக்கித் தோள்ல வெச்ச பொறகு, இத ஏன் மொதல்ல ஏத்தறீங்கன்னு கேக்கறாங்க. அவனும் மூட்டைய எறக்கி வெச்சுப்போட்டு வெளக்கஞ் சொல்றானுங்க. அவனுக்கும் எத்தன நாளைக்கு ஒருக்கா இப்பிடி ஒருத்தர் கேப்பாங்க, சந்தோசமாச் சொல்றான். எனக்கு லாரி நிக்குதுங்களே."

"நான் சொல்லி வைக்கிறேண்ணே."

"ஓணம் முடியட்டுமுங்க. சீசன்ல ஆள மாத்துனா கொழப்பம். முடிஞ்சதீம் நீங்களே வாங்க, இல்லாட்டி வேற ஆள அனுப்புங்க. அந்தம்மா வேண்டாமுங்க."

என் ஆபீஸின் வேலையில் பாதிக்கு மேல் மண்டிக்காரருடையது. அவர் வேண்டாம் என்றால், டீச்சருக்குக் கொடுக்க என்னிடம் வேறு வேலை இல்லை. இதை நான் டீச்சரிடம் மறைக்கவில்லை. மறைக்கும் சாமர்த்தியம் இல்லை. சாப்பாட்டு டப்பாவைத் திறந்து வைத்துக்கொண்டு, தயங்கித் தயங்கிச் சொன்னேன். அவர் சுவரில் தொங்கிய காலண்டரைத் திருப்பினார்.

"ஓணம் என்னைக்கு சார் வருது?"

சொன்னேன். அந்தத் தேதியைச் சுற்றி ஒரு வட்டம் போட்டார். பிறகு என் டப்பாவைப் பார்த்து, "வெஞ்சனம் இல்லாம வெறுஞ்சோறாத் திங்கிறீங்க" என்று தன் பீன்ஸ் பொரியலில் பாதியை எடுத்து வைத்தார். எனக்கு அன்றைக்குச் சோறு இறங்கவில்லை. பொரியல் இறங்கியது.

ஓணத்துக்கு நாலு நாள் இருந்தது. அன்று மத்தியானம் நான் திண்டுக்கல்லில் பல் டாக்டரின் சாய்வு நாற்காலியில் கிடந்தேன். இரண்டு வருடத்துக்கு முன்பே அடைத்திருக்க வேண்டிய பல். அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டதில் வேர் வரைக்கும் போய்விட்டது. ஊசி போட்டு, வாயை முட்டுக்கொடுத்துத் திறந்து வைத்திருந்தார்கள். அப்போது சட்டைப் பையில் போன் அடித்தது. அடித்துக்கொண்டே இருந்தது. டாக்டர் பெருமூச்சு விட்டு, அதை எடுத்து ஸ்பீக்கரில் போட்டு என் நெஞ்சின் மேல் வைத்தார்.

"சார், நான் மண்டியில இருந்து பேசுறேன். குமுளிப் பாதையில மண்ணு சரிஞ்சு போச்சாம். ரெண்டு நாளைக்கு ஒரு வண்டியும் விட மாட்டாங்களாம். கோட்டயம் வண்டியெல்லாம் செங்கோட்ட சுத்திப் போகப் போகுது. கேக்குதா சார்?"

"ஆ" என்றேன்.

"என்ன சார் ஆச்சு?"

டாக்டர் குனிந்து, "வாய் மரத்திருக்குங்க, பேச முடியாது, காது நல்லாக் கேக்கும்" என்று போனுக்குச் சொன்னார்.

டீச்சர் ஒரு நொடிதான் யோசித்தார். "சரி சார். ஒரு தடவ ஆன்னா ஆமா. ரெண்டு தடவன்னா இல்ல. சரியா?"

"ஆ."

விஷயம் இதுதான். குமுளி வழியாகப் போனால் முதலில் கோட்டயம், அப்புறம் சங்கனாச்சேரி, கடைசியில் திருவல்லா. செங்கோட்டை, புனலூர் என்று தெற்கே சுற்றிப் போனால் அப்படியே தலைகீழ். திருவல்லா முதலில் வரும், கோட்டயம் கடைசியில். என் புரோகிராமோ இன்னமும் பழைய வரிசையில்தான் சீட்டு அடிக்கும். அதை நம்பி ஏற்றினால் முதலில் இறக்க வேண்டிய திருவல்லா மூட்டைகள் லாரியின் அடிவயிற்றில் கிடக்கும். ஓணத்துக்கு முந்தின சந்தை. கேரளத்தில் ஒவ்வொரு வீட்டிலும் முருங்கைக்காயும் பூசணியும் வெள்ளரியும் தேடுகிற நேரம். லாரிகள் வரிசையாக நிற்கின்றன. ஆறு மணிக்குள் கிளம்ப வேண்டும். அப்போது மூன்றே முக்கால்.

"கையாலயே எழுதிரலாம்னு மேஸ்திரியக் கேட்டேன் சார். பத்து வருசத்துக்கு மேல நம்பரப் பாத்துத்தான் தூக்குறோம், மூட்டைக்கு மூட்ட ஊர் பாத்து எழுதுனா விடிஞ்சிரும்ங்கிறாரு. ஆபீசுக்கு வந்து சோதிச்சுப் பாத்துட்டு வர நேரம் இல்ல. இங்கயே, ஓடிக்கிட்டிருக்கறதுலயே கைய வெக்கணும். உள்ள அந்த ஊர் வரிசையத் திருப்பிப் போட்டா போதும்ல சார்?"

அந்தப் புரோகிராமை எழுதியவன் நான். இந்த உலகத்தில் அதை முழுதாக அறிந்த ஒரே உயிர் நான் என்று எண்ணிக்கொண்டிருந்தவன். கொஞ்சமும் தயங்கவில்லை.

"ஆ" என்றேன்.

"ஒரு தடவதான சார் சொன்னீங்க?"

"ஆ."

போன் அணைந்தது. டாக்டர் மறுபடி துளை போட ஆரம்பித்தார். எனக்குள் ஒரு கர்வம்கூட எழுந்தது. விதி விதி என்று முப்பத்தொன்று போட்டவர், சமயம் வந்ததும் என் வழிக்கே வந்துவிட்டார் பார்த்தாயா என்று.

அதற்குப் பிறகு நடந்ததை மேஸ்திரியும் டீச்சரும் மண்டிக்காரரும் தனித்தனியாகச் சொன்னதிலிருந்து கோர்த்துச் சொல்கிறேன். டீச்சர் என் வழிக்கு வரவில்லை என்பது அப்போதுதான் எனக்குத் தெரிந்தது.

அவர் முதலில் பழைய புரோகிராமை அப்படியே பிரதி எடுத்து வேறு பெயரில் வைத்தார். ஒரே ஒரு வரியை மாற்றினார். அதற்கு மேலே, எதற்காக மாற்றினோம், யார் மாற்றியது, எந்த நாள், பாதை திறந்ததும் திரும்ப மாற்ற வேண்டும் என்று நாலு வரி எழுதினார். எல்லா லாரிக்கும் மொத்தமாகச் சீட்டு அடிக்கவில்லை. ஒரு கோட்டயம் லாரிக்கு மட்டும் அடித்து, மேஸ்திரியைச் சத்தமாக வாசிக்கச் சொன்னார்.

"ஒண்ணு, கோட்டயம். ரெண்டு, கோட்டயம். மூணு... அட, சரியாத்தான இருக்குதுங்க டீச்சரம்மா."

"திருவல்லா எங்க வருது?"

"கடேசியிலுங்க. கதவுகிட்ட."

அந்த லாரி ஏறி முடிகிற வரை அவர் பக்கத்திலேயே நின்றார். அப்புறம்தான் மற்றவற்றுக்கு அச்சடிக்கச் சொன்னார். ஐந்தே முக்காலுக்கு லாரிகள் கிளம்பிவிட்டன. மண்டிக்காரர் முதல்முறையாக அவருக்கு நாற்காலி போடச் சொல்லி, டீ வரவழைத்தார்.

டீச்சர் டீயைக் கையில் வைத்துக்கொண்டு, அன்றைய சீட்டுகளின் நகல்களை எடுத்து ஒவ்வொன்றாகத் திருப்பிப் பார்த்தார். பரீட்சை முடிந்தாலும் விடைத்தாளின் கூட்டலை இன்னொரு தடவை சரிபார்க்கிற பழக்கம். கோட்டயம் லாரி மூன்றும் சரி. நாலாவது பாலக்காடு வழியாகப் போகிற லாரி. திருச்சூர், ஆலுவா, எர்ணாகுளம்.

அதற்குப் பாதை மாறவே இல்லை.

நான் எல்லாப் பாதைக்கும் ஒரே வரிசையைத்தான் எழுதி வைத்திருந்தேன். அதைத் திருப்பியதும் எல்லாமே திரும்பிவிட்டன. முதலில் இறக்க வேண்டிய திருச்சூர் மூட்டைகள் லாரியின் ஆழத்தில் கிடந்தன. லாரி கிளம்பி முக்கால் மணி நேரம் ஆகியிருந்தது.

அங்கே அதைக் கவனித்தவர் அவர் ஒருவர்தான். சும்மா இருந்திருக்கலாம். விடிகாலையில் திருச்சூரில் கதவைத் திறக்கும்போது டிரைவர் கண்டுபிடிப்பான், மேஸ்திரியைத் திட்டுவான், மேஸ்திரி லோடுமேனைத் திட்டுவார், அப்படியே ஓணமும் வந்து போய்விடும். நான் இப்படிப்பட்ட சூழ்நிலைகளில் இருந்திருக்கிறேன். என்ன செய்தேன் என்பதை இங்கே எழுத வேண்டியதில்லை.

டீச்சர் டீ கிளாஸைக் கீழே வைத்துவிட்டு மண்டிக்காரரிடம் போனார்.

"ஐயா, நான் ஒரு தப்புப் பண்ணிட்டேன். பாலக்காட்டு வண்டியில மூட்ட தலைகீழா ஏறியிருக்கு. திருச்சூர் உள்ள கெடக்குது."

"அதெப்படியுங்க? வாசிச்சுப் பாத்துத்தான ஏத்துனீங்க?"

"கோட்டயத்து வண்டியத்தான் வாசிச்சேன். எனக்குத் தெரிஞ்ச கணக்கையே வெச்சு சரிபாத்துட்டு, எல்லாம் சரின்னு நெனச்சுட்டேன். டிரைவருக்குப் போன் போட்டு எங்கயாச்சும் நிறுத்தச் சொல்லுங்க."

மண்டிக்காரர் கோபத்தில் நாற்காலியை நகர்த்தினார் என்று மேஸ்திரி சொன்னார். டீச்சர் காதுபடவே, "நாஞ் சொன்னனுங்களே, சொன்னனுங்களே" என்று இரண்டு தடவை சொன்னாராம். முன்பே யாரிடம், எதைச் சொல்லியிருந்தார் என்பது டீச்சருக்குத் தெரியும். அவர் காலண்டரில் வட்டம் போட்டு வைத்தவர்.

லாரி பழனி தாண்டி ஒரு டீக்கடையில் நின்றது. திருப்பிக் கூப்பிட்டால் இறக்கி ஏற்ற மூன்று மணி நேரம். வழியைச் சொன்னவன் டிரைவர்தான்.

"எதுக்குங்க திருப்பறது? நேரா எர்ணாகுளம் போயிர்றேன். அங்க எறக்கிட்டு, திரும்பி வர்றப்ப ஆலுவா, அப்பறம் திருச்சூர். ரோடு ஒண்ணுதானுங்களே. போறப்ப எறக்குனா என்ன, வர்றப்ப எறக்குனா என்ன?"

திருச்சூர்க்காரருக்கு விடிகாலையில் போக வேண்டிய சரக்கு மத்தியானம்தான் போகும். அவரிடம் அதை இப்போதே சொல்லிவிட வேண்டும். மண்டிக்காரர் போன் போட்டு, மலையாளத்தில் பத்து நிமிடம் திட்டு வாங்கினார். திட்டு வாங்கும்போது எதிரே நின்றிருந்த டீச்சரைப் பார்த்துக்கொண்டே வாங்கினாராம். டீச்சரும் நகரவில்லை.

ஏழு மணிக்கு எனக்குப் போன் வந்தது. வாயில் பாதிக்கு உணர்வு திரும்பியிருந்தது. டீச்சர் நடந்ததை ஒழுங்காகச் சொன்னார்.

"ஓனருகிட்ட என்ன சொன்னீங்க?" என்று குழறினேன்.

"நான் மாத்துனேன்னு சொன்னேன்."

"நான்தான ஆன்னேன்?"

"நீங்க பல்லப் புடுங்குற எடத்துல கெடந்தீங்க சார். கைய வெச்சது நான்தான்."

அன்றைக்கு வீட்டில் இட்லியைப் பாதி வாயால் மென்றுகொண்டு யோசித்தேன். இருவரும் ஒரே விதியைத்தான் மீறினோம். ஆனால் நான் மீறிய இடத்தில் ஒரு நிமிடம்கூட நின்றதில்லை. மீறிவிட்டு மதுரைக்கோ மெட்ராஸுக்கோ கல்யாணத்துக்குப் போய்விடுவேன். விதி எதைக் காவல் காக்கிறது என்று தெரிந்தவன் அதைத் தள்ளி வைக்கலாம் என்பது சரிதான். தள்ளி வைத்தபின் அந்தக் காவலை யாராவது பார்க்க வேண்டுமே. டீச்சர் விதியை நகர்த்திவிட்டு அது நின்ற இடத்தில் தானே போய் நின்றார். அப்படியும் ஒன்று தப்பியது. தப்பியதையும் முதலில் பார்த்தவர் அவர்தான். இத்தனை வருடமும் அனுபவம் என்று நான் சொல்லிக்கொண்டிருந்தது, பெரும்பாலும், பிடிபடாமல் இருந்ததைத்தான்.

காலையில் எட்டு மணிக்கு நானே மண்டிக்காரரைக் கூப்பிட்டேன்.

"அண்ணே, நேத்து நடந்தது டீச்சர் தப்பு இல்ல. எல்லா ரூட்டையும் ஒண்ணா எழுதி வெச்சது நான். மாத்தலாமான்னு கேட்டாங்க, சரின்னதும் நான்."

"அந்தம்மா அப்படிச் சொல்லலீங்களே."

"சொல்ல மாட்டாங்கண்ணே. அதான் நான் சொல்றேன்."

போனில் அவருக்குப் பின்னால் யாரோ வெங்காயம் வெங்காயம் என்று ஏலம் விடாமல் வெறுமனே கத்திக்கொண்டிருந்தார்கள்.

"தம்பி, ஓணம் முடிஞ்சதீம் அந்தம்மா வேண்டாம்னு சொல்லியிருந்தனுங்களா?"

"ஆமாண்ணே."

"அத விட்ருங்க."

"அண்ணே?"

"திருச்சூர்க்காரன் இன்னைக்கு எங்கிட்டப் பேச மாட்டேன்ட்டான். ஒரு வாரம் முறுக்கிக்கிட்டுத்தான் திரிவான். ஆனாப் பாருங்க, விடியக்காலம் அவன் கூப்பிட்டுத்தான் எனக்குத் தெரிஞ்சிருந்தா, ஒரேயடியாப் போயிருப்பான். மொதல்லயே சொன்னதுல தப்பிச்சுது. நீங்க பதினோரு வருசமா எங்கிட்ட இருக்கறீங்க. நான் கண்டுபுடிக்கறதுக்கு முன்னால ஒரு தப்ப நீங்களா வந்து சொல்லியிருக்கீங்களா?"

நேர்மையாக நினைத்துப் பார்த்தேன். "அண்ணே, ஊசி போட்டதுல வாய் இன்னும் மரத்துத்தான் இருக்கு" என்றேன்.

"தெரியுமுங்க. உங்களுக்குப் பதினோரு வருசமா மரத்துத்தான் இருக்குது" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டார்.

ஆபீஸ் படியேறினேன். டீச்சர் எனக்கு முன்பே வந்திருந்தார். அவர் மேஜை துடைத்து வைத்தது போல் இருந்தது. காலடியில் ஒரு கட்டைப்பை. அதற்குள் அவருடைய தண்ணீர்ப் பாட்டில், குடை, கணினிப் புத்தகங்கள் இரண்டு, மூக்குக் கண்ணாடிக் கூடு, மேஜையில் அவர் வைத்திருந்த சின்ன மாதா படம் எல்லாம் இருந்தன. வேலையை ஒப்படைக்க ஒரு காகிதத்தில் குறிப்பு எழுதிக்கொண்டிருந்தார்.

"என்ன டீச்சர் இது?"

"ஓணம் வரைக்குந்தான சார் சொன்னாரு. நேத்தோட முடிஞ்சிருச்சுன்னு நெனச்சேன். மூணு நாள் முன்னாடியே போனா மூணு நாள் கௌரவம்."

மண்டிக்காரர் சொன்னதைச் சொன்னேன். எனக்குப் பாதகமான பகுதியை விட்டுவிட்டுச் சொன்னேன். அவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"மூணு மாசம் பாப்போம்னீங்களே சார். நீங்க என்ன சொல்றீங்க?"

"இருங்க டீச்சர்" என்றேன். "நீங்க இருக்கணும்."

அவர் கண்ணாடியைக் கழற்றிச் சேலைத் தலைப்பால் துடைத்தார். ரொம்ப நேரம் துடைத்தார். நான் ஜன்னல் வழியாக, எதிர்க் கடையில் ஒருவர் ஸ்கூட்டர் நிறுத்துவதை மிகுந்த அக்கறையோடு கவனித்தேன். பிறகு அவர் பையிலிருந்து படத்தை எடுத்து மேஜையில் வைத்தார். பாட்டிலை எடுத்தார். குடையைப் பையிலேயே விட்டுவிட்டார், மேகம் போட்டிருந்தது.

"அப்படின்னா அந்த வரியத் தூக்கிருவோம் சார். ஒவ்வொரு ரூட்டுக்கும் தனித்தனி ஃபைலு. இன்னைக்கே. நீங்க ஊர் ஊராச் சொல்லுங்க, நான் பிரிக்கிறேன்."

பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்தேன். நான் எழுதிய வரிசை திரையில் நீளமாக வந்தது. கோட்டயம், குமுளி வழி. திருச்சூர், பாலக்காடு வழி. விரல் வைத்துச் சொல்லிக்கொண்டே வந்தேன். இருபதாவது ஊரில் நின்றது.

"மூவாற்றுப்புழா" என்று வாசித்தார் டீச்சர். "இது எந்த ரூட்டு சார்?"

நான் எழுதியது. என் கையால், என் விருப்பப்படி, அந்த இடத்தில், ஏதோ ஒரு காரணத்தோடு எழுதியது. பாலக்காட்டுக்கும் குமுளிக்கும் நடுவே அது நின்றுகொண்டு என்னைப் பார்த்தது.

"தெரியல டீச்சர்."

அவர் போனை எடுத்து மேஸ்திரியைக் கூப்பிட்டார்.